பல்வங்கர் சகோதரர்கள் – 6: தலைமை யாருக்கு?

புனா கிளப்பின் மைதானத்தில் உருளை இழுக்கவும் வலை கட்டவும் மாதம் 4 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்த்தப்பட்ட பாலூ என்னும் இளைஞர், இங்கிலாந்து தேசத்து மைதானங்களில் 114 விக்கெட்டுகளை வீழ்த்திவிட்டு 1911ஆம் ஆண்டில் பம்பாய் திரும்பியது வரையிலான வரலாற்றைச் சென்ற பகுதிகளில் கண்டோம்.

தோல் தொழிலைக் குலத்தொழிலாக உடைய சமார் வகுப்பில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்தால் தீண்டத்தகாதவராக ஒதுக்கி வைக்கப்பட்ட அவரிடம், கிரேக் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி மற்றவர்கள் வருவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்து நாள்தோறும் பந்து வீசச் சொல்லிப் பழகினார். ஆனால் அத்தனை காலத்திலும் அந்த இளைஞரின் கையில் மட்டையைக் கொடுத்து ஆடச் சொன்னவர் அக்கிளப்பில் ஒருவரும் இல்லை. பின்னர் புனா ஹிந்து கோஷ்டியார் வெள்ளையரை வெல்லும் ஆசையால் அவரைச் சேர்த்துக்கொண்டபோது, களத்தில் அவர் தொட்ட பந்தையே தாமும் தொட்டார்கள். தேநீர் வேளை வந்ததும் தாம் உள்ளே பீங்கான் கோப்பைகளில் அருந்த, அவருக்கு மாத்திரம் வெளியே மண் குவளையில் கொடுத்தனுப்பினார்கள். தென்மாவட்டத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறையைக் கண்ணால் கண்டவர்களுக்கு, கரிவலம்வந்தநல்லூரிலும் சங்கரன்கோவில் வட்டாரத்திலும் இத்தொடரைப் படித்து வரும் பெரியோர்களுக்கு, அந்த மண் குவளையைப்பற்றி நான் விஸ்தரித்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

புனாவில் பிளேக் நோய் பரவியதும் பாலூ பம்பாய் சேர்ந்தார். 1906ஆம் ஆண்டு பிப்ரவரியில், பாலூவும் தம்பி சிவராமும் இடம்பெற்ற ஹிந்து கோஷ்டி, பம்பாய் ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது. அந்த வெற்றியைப்பற்றி அக்காலத்துப் பத்திரிகைகள் பலவும் எழுதின. எனினும் அதன் உள்ளர்த்தத்தைக் கண்டு சொன்னது, காமாட்சி நடராஜன் என்ற தமிழரின் ஆசிரியப் பொறுப்பில் சென்னையில் வேர்விட்டுப் பம்பாயில் நடந்துவந்த ‘இந்தியன் சோஷியல் ரிபார்மர்’ இதழ்தான். ஹிந்து இளைஞர்களின் மனத்தை விசாலப்படுத்துவதில், ஏனைய துறைகளில் செய்யப்பட்ட பிரயத்தனங்கள் எல்லாவற்றையும்விட, இந்தச் சகோதரர்களை ஹிந்து ஜிம்கானாவில் சேர்த்துக்கொண்ட செயல் அதிகம் சாதித்திருக்கிறது என்பது அவ்விதழின் அபிப்பிராயம்.

உடன் ஆடலாம் என்றாயிற்று. காலப்போக்கில், பம்பாய் ஹிந்து ஜிம்கானாவிலேனும், உடன் உண்ணலாம் என்றும் ஆயிற்று. மிஞ்சி நின்றது ஒன்றுதான். அதுவே இந்தப் பகுதியின் விஷயம்.

* * *

இங்கிலாந்துப் பயணம் இந்தியக் கோஷ்டிக்குத் தோல்விகள் மலிந்த பயணம். முதல்தர ஆட்டங்கள் 14இல் இரண்டே இரண்டில் வெற்றி, பத்தில் தோல்வி. அந்த இரு வெற்றிகளையும் ஈட்டிக் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால், லெஸ்டர்ஷயருக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸிலுமாக 11 விக்கெட்டுகளைச் சாய்த்தவர் பாலூ. சோமர்செட்டுக்கு எதிராக, ஒரே ஒரு விக்கெட் மிஞ்சியிருக்கும் நிலையில் கிட்டிய வெற்றிக்கு, ஆட்டமிழக்காமல் 113 ரன் எடுத்து வழி செய்தவர் சிவராம். கோஷ்டியின் தலைவராகச் சென்றவரோ பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். ஆடிய நாட்களைவிட ஆடாத நாட்களே அவருக்கு அதிகம்.

திரும்பி வந்த பாலூவுக்குப் பம்பாயில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அக்கூட்டத்தில் வரவேற்புப் பத்திரம் அளித்தவர், எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பீமராவ் அம்பேத்கர் என்ற இளைஞர். அந்த இருவருக்கும் இடையே பின்னாளில் நேர்ந்த அரசியல் முரண்பாடு ஒரு தனிப் பகுதிக்கு உரியது. இப்போது அதற்குள் நுழையவில்லை.

1912ஆம் ஆண்டில் முஸ்லிம்களும் சேர்ந்துகொள்ளவே, ஐரோப்பியர், பார்ஸிகள், ஹிந்துக்கள் என்ற முக்கோணப் போட்டி நாற்கோணப் போட்டியாக விரிந்தது. பம்பாய் நகரமே வேலையை விட்டுவிட்டு மைதானத்தைச் சுற்றி நிற்கும் திருவிழாவாக அது வளர்ந்தது. ஹிந்து கோஷ்டியில் நீண்ட அனுபவத்திலும் பெற்ற கீர்த்தியிலும் பாலூவுக்கு இணை எவரும் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் கூடிய தேர்வுக் குழு, ஆண்டுதோறும் வேறொருவர் பெயரையே தலைமைக்கு அறிவித்தது.

1913இல் அப்பதவி எம்.டி. பை என்ற பிராமண ஆட்டக்காரருக்குக் கிட்டியது. அதையொட்டி நடந்த பாராட்டு நிகழ்ச்சியில் எழுந்து பேசிய பை, தமக்குக் கிடைத்த இந்தக் கௌரவம் மூத்தவரும் அனுபவசாலியுமான நண்பர் பாலூவுக்கே உரியது என்று சபையறியச் சொன்னார்.

இதனைச் சற்று நின்று யோசிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பதவியைப் பெற்றவரே அது தமக்கு உரியதன்று என்று சொல்கிறார். கேட்டவர்கள் அவருடைய பெருந்தன்மையைப் போற்றுகிறார்கள். அதற்குப் பிறகும், அடுத்த ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும், நிலைமை மாறாமலே இருக்கிறது. அநீதி என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. அதைத் திருத்துவது தம் கடமை என்று நினைத்தவர்தாம் குழுவில் இல்லை.

* * *

தலைமை என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

எங்கள் ஊரில் அறுவடை முடிந்த வயல்களிலும் நீர் வற்றிய குளத்திலும் கிரிக்கெட் ஆடும் பையன்களைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். மட்டை எவனுடையதோ, பெரும்பாலும் அவனே காப்டன்; எவ்வளவு வேகமாகப் பந்து வீசுகிறவனாயினும், கருவேல முள்ளுக்குள் விழுந்த பந்தை எடுத்துவர அனுப்பப்படும் பையன் காப்டன் ஆவதை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

பந்து வீச்சு என்பது கையின் உழைப்பு. உழைப்பை அடுத்தவரிடமிருந்து பெற்றுக்கொள்வதற்கு நம் சமூகம் என்றைக்கும் தயங்கியதில்லை. தலைவன் செய்யும் காரியமோ வேறு: எதிர்க் கோஷ்டித் தலைவனோடு சரிசமமாக நின்று நாணயம் சுண்டுகிறவன் அவன், யார் பந்து வீச வேண்டும், யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும், யார் எந்த வரிசையில் மட்டை பிடிக்கச் செல்ல வேண்டும் என்று விதிக்கிறவன் அவன், அவன் கை காட்டிய இடத்துக்கு மற்றப் பத்துப் பேரும் மறுபேச்சின்றி நகர வேண்டும். அந்தப் பத்துப் பேரில் பிராமணரும் இருப்பார்கள் என்பதுதான் ஹிந்து ஜிம்கானாவின் குழுவினருக்கு விழுங்க முடியாமற்போன விஷயம்.

கடல் கடந்த அமெரிக்காவிலும் இதே வரிசையில்தான் காரியங்கள் நடந்தன. அங்கே பேஸ்பால் என்ற மட்டைப் பந்தாட்டமே தேசிய ஆட்டம். 1884இல் டொலிடோ கோஷ்டிக்காக மோசஸ் பிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் பெரிய போட்டிகளில் ஆடினார். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல், கறுப்பர் எவருக்கும் அங்கே இடமில்லை என்று, எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாமலே நடைமுறைப்படுத்தினார்கள். 1947 ஏப்ரல் 15ஆம் தேதி, புரூக்ளின் கோஷ்டியில் ஜாக்கி ராபின்சன் களம் இறங்கியதோடு அது உடைந்தது.

உடைந்தது ஆட்டக்காரருக்கு மட்டுமே. கறுப்பர்களுக்கெனத் தனியே நடந்த போட்டிகளில் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் கோஷ்டியை நடத்திப் புகழ்பெற்ற பக் ஓநீல், 1962இல் சிகாகோ கப்ஸ் கோஷ்டியின் பயிற்சியாளர்களில் ஒருவராக அமர்த்தப்பட்டார். பெரிய போட்டிகளில் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பர் அவர்தாம். ஆனால் ஆட்டம் நடக்கும்போது எல்லைக்கோட்டருகே நின்று ஆட்டக்காரர்களை ஏவும் வேலை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ஒரு கறுப்பர் முழுப் பொறுப்புள்ள தலைமை நிர்வாகியாக வருவதற்கு 1975 வரை காத்திருக்க நேர்ந்தது. கிளீவ்லாந்து கோஷ்டிக்கு வந்த பிராங்க் ராபின்சன் அவர். ஆட அனுமதித்ததற்கும் ஆள அனுமதித்ததற்கும் இடையே 28 ஆண்டுகள்.

நிறத்தின் பெயரால் அங்கே நடந்தது, பிறப்பின் பெயரால் இங்கே அதற்கு முன்னரே நடந்துகொண்டிருந்தது.

* * *

1920ஆம் ஆண்டின் நாற்கோணப் போட்டி வந்தது.

பாலூவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தோளின் வலி அவரை இங்கிலாந்துப் பயணத்திலேயே படுத்தியது என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அவருடைய காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆனால் தம்பி விட்டலின் காலம் உச்சத்தில் இருந்தது. ஹிந்து கோஷ்டியின் மட்டைக்காரர்களில் அவரை விஞ்சியவர் இல்லை என்பதே பொதுமக்களின் எண்ணம். அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்கேனும் கிட்டும் என்று அவர்களுடைய சமூகத்தவர் மாத்திரமல்ல, நியாய புத்தியுள்ள பலரும் எதிர்பார்த்திருந்தார்கள்.

முஸ்லிம்களோடு நடக்கவிருந்த முதல் ஆட்டத்துக்கு முன்னர், காப்டன் பை நோயுற்றார். அவரால் ஆட இயலாது. ஓர் ஆட்டத்துக்கு மட்டும் தலைமை ஏற்க ஒருவர் வேண்டும்.

ஓர் ஆட்டம்! குழுவினர் விரும்பியிருந்தால், பழைய சம்பிரதாயத்தை விட்டுக்கொடுத்ததாகவே தோன்றாதபடி, தற்காலிக ஏற்பாடு என்ற பெயரில் விட்டலை அந்த இடத்தில் அமர்த்தியிருக்கலாம். அதைவிடச் சுலபமான சந்தர்ப்பம் அவர்களுக்கு வாய்த்திருக்காது.

அவர்கள் தேர்ந்தெடுத்தது டி.பி. தேவ்தரை. புனாவைச் சேர்ந்த பிராமணர். கல்லூரியில் சம்ஸ்கிருதம் போதித்தவர். விட்டலைவிட இளையவர், நாற்கோணப் போட்டி அனுபவத்திலும் அவருக்குப் பிந்தியவர். அதே சமயத்தில் பாலூவின் பெயர் ஆட்டக்காரர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

தேவ்தரைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. ஆறு ஆண்டுகள் கழித்து இங்கிலாந்திலிருந்து வந்த எம்.சி.சி. கோஷ்டிக்கு எதிராக 148 ரன் குவித்து, இந்தியரும் சரிநிகராக ஆட வல்லவர்கள் என்று நிரூபித்த மகத்தான ஆட்டக்காரர் அவர். பின்னாளில் அவர் பெயரால் ஒரு கோப்பைப் போட்டியும் ஏற்படுத்தப்பட்டது. வயது காரணமாகப் பாலூவை நீக்கியது மட்டும் தனியே நடந்திருந்தால், அதையும் ஒருவாறு ஏற்றுக்கொள்ளலாம். அண்ணனை விலக்கிய அதே வேளையில் தம்பியின் உரிமையையும் தாண்டிச் சென்றதுதான் மறைக்க முடியாத பாரபட்சமாயிற்று.

* * *

அதுவரை பல்வங்கர் குடும்பத்தார் எதையும் வாய்திறந்து கேட்டவர்கள் அல்லர். மண் குவளையை நீட்டியபோது வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பவும் பந்து வீசப் போனவர் பாலூ. தலைமை மறுக்கப்பட்ட ஆண்டுகளிலெல்லாம், அடுத்தவரின் தலைமையின்கீழ் தம் கடமையைக் குறைவறச் செய்தவர். அந்தப் பொறுமையை அடக்கம் என்று பிறர் புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்களுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

விட்டலும் சிவராமும் இம்முறை ஆட மறுத்தார்கள்.

மறுத்ததோடு நில்லாமல், காரணத்தைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். தகுதியிலும் அனுபவத்திலும் தங்களுக்கு மேற்பட்ட எவர் தலைமையிலும் ஆடுவதற்குத் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றும், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர்கள் என்பதற்காகத் தங்களைத் தாண்டி, தங்களுக்குப் பிந்தியவரைத் தலைவராக்கி, அவர்கீழ் ஆடச் சொல்வது தங்கள் சுயமரியாதைக்கு ஒவ்வாது என்றும் கூறுவது அதன் சாரம்.

தமிழகத்தில் அந்தச் சொல்லையே பெயராகக் கொண்ட இயக்கம் எழுவதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. வைக்கம் வீதிகளில் சத்தியாக்கிரகம் தொடங்க நான்கு ஆண்டுகள் இருந்தன. இவ்விரு சகோதரர்களுக்கும் பின்னால் கட்சியோ சங்கமோ நிதியோ இல்லை. அவர்களிடம் இருந்தது ஒன்றே: தாங்கள் இல்லாமல் ஹிந்து கோஷ்டி பலவீனப்படும் என்பதை நகரம் முழுவதும் அறிந்திருந்தது. மைதானத்தில் சேர்த்த மதிப்பை மைதானத்துக்கு வெளியே செலவிடத் துணிந்தார்கள் அவர்கள்.

காலமும் அவர்களுக்கு அனுகூலமாக இருந்தது. தீண்டாமை ஒழியாமல் சுயராஜ்யம் கிட்டாது என்று காந்தியடிகள் ஊர்தோறும் சொல்லிவந்த ஆண்டு அது. அதே 1920 டிசம்பரில், சேலம் விஜயராகவாச்சாரியாரின் அக்கிராசனத்தில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, ஹிந்து சமயத்திலிருந்து தீண்டாமையை அகற்றுவதற்கு விசேஷ முயற்சி வேண்டுமென்று தீர்மானித்தது. வெள்ளையனிடம் சமத்துவம் கேட்கும் ஹிந்துக்கள் தம் கோஷ்டிக்குள்ளேயே அதை மறுக்கலாமா என்ற கேள்விக்கு, ஜிம்கானாவின் குழுவினரால் பதில் கூற முடியவில்லை.

* * *

முஸ்லிம்களுடனான ஆட்டம் சகோதரர்கள் இன்றியே நடந்தது. ஹிந்து கோஷ்டி இறுதி ஆட்டத்துக்குத் தேறியது. எதிரே பார்ஸிகள். பை உடல் தேறி, தலைமையை மீண்டும் ஏற்றார்.

இப்போது குழுவினர் இறங்கி வந்தார்கள். பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பாலூ மறுபடி சேர்க்கப்பட்டார். அதுமட்டுமன்று, உபதலைவராகவும் அறிவிக்கப்பட்டார். விட்டலும் சிவராமும் திரும்பினார்கள்.

ஆட்டத்தின் இடையே பை களத்தைவிட்டு வெளியேறினார். மூத்தவர் கையில் தலைமை இருக்கட்டும் என்று வேண்டுமென்றே செய்த காரியம் அது. 1913இல் சொல்லால் செய்ததை, ஏழு ஆண்டுகள் கழித்துச் செயலால் செய்தார் அந்த நல்ல மனிதர். அவர் வெளியே இருந்த பொழுது முழுவதும், பாலூவின் கையசைவுக்கு ஏற்ப ஹிந்து கோஷ்டியார் இடம் மாறி நின்றார்கள்; எவர் பந்து வீசுவது என்று தீர்மானித்தவர் பாலூ. வானம் இடிந்து விழவில்லை. கோஷ்டி கலைந்து போகவில்லை. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிய, கோப்பையை இரு கோஷ்டியாரும் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த நிகழ்ச்சியைப் படிக்குந்தோறும் எனக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒருங்கே எழுகின்றன. பையின் உள்ளத்தை வணங்கத் தோன்றுகிறது. கூடவே, இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோஷ்டிகளின் வெற்றிகளைத் தம் இடக்கையால் தாங்கிய மனிதருக்கு, தலைமை என்பது ஒரு நண்பரின் தயவால், அந்நண்பர் வெளியே நிற்கும் நேரம் வரைக்கும், இரவலாகக் கிடைத்ததே என்று நெஞ்சு கொதிக்கிறது. உபதலைவர் என்ற பட்டமும் அப்படிப்பட்டதே. ஆட்ட வாழ்வின் அந்திமத்தில் நிற்கும் ஒருவருக்கு அதைக் கொடுப்பதில் குழுவினருக்கு அபாயம் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு அவர் வந்து அதைத் திரும்பக் கேட்கப் போவதில்லை அல்லவா?

விட்டல் அப்படி அல்லர். இன்னும் பல ஆண்டுகள் ஆட வல்லவர்; தம் உரிமையைப் பத்திரிகையில் எழுதிக் கேட்டவர்; ஒரு முறை மறுத்தவர் மறுமுறையும் மறுக்கக்கூடும் என்பதைக் குழுவினர் அறிவார்கள். அவரிடம் தலைமையைக் கொடுத்தால், அது ஓர் ஆட்டத்தின் சில நாழிகையோடு முடியாது, பருவந்தோறும் தொடரும்.

1921 கடந்தது. 1922 கடந்தது. விட்டலுக்குத் தலைமை கிட்டவில்லை.

1923ஆம் ஆண்டின் நாற்கோணப் போட்டிக்காகத் தேர்வுக் குழு மறுபடியும் கூடியபோது, கோஷ்டியில் தேவ்தரும் இருந்தார், விட்டலும் இருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்களைப் பகிரங்கமாகக் கண்டித்த மனிதரையே அந்தக் குழு தலைவராக அறிவிக்குமா? அறிவித்தாலும், ஐரோப்பியரை எதிர்த்து நிற்கும் நெருக்கடியான வேளையில், விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கும் பிராமணரை நோக்கி, அந்த இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து வேறிடத்தில் போய் நில்லுங்கள் என்று விட்டல் ஆணையிட நேர்ந்தால், அவர் நகர்வாரா?

(அடுத்த வாரம் தொடரும்)